பதினேழாம் பக்கத்தம்மா

போன செவ்வாய்க்கிழமை நீலகிரியில் கட்டபெட்டு என்ற ஊரில் ஒரு வீட்டு வாசலில் நின்று காலிங் பெல்லை அழுத்தினேன். கையில் ஒரு துணிப்பை. பைக்குள், இரண்டு அட்டைகளுக்கு நடுவே ஒரே ஒரு தாள். எனக்கு வயது அறுபத்திரண்டு; நின்றது என்னவோ பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி.

கதவைத் திறந்த அம்மாவை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அவரும் என்னைப் பார்த்ததில்லை. ஸ்வெட்டருக்கு மேலே ஒரு டவலைப் போர்த்திக்கொண்டு என்னையும் துணிப்பையையும் மேலும் கீழும் பார்த்தார். நான் இன்னார் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே கேட்டுவிட்டார்.

"ஏனுங்க... நீங்கதானுங்களே அந்தப் பதினேழாம் பக்கத்தம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் என்று சொல்கிறேன். சொன்னால் என் மானம் கொஞ்சம் போகும். போகட்டும், இத்தனை வருஷம் அதை வைத்துக்கொண்டு என்ன சாதித்துவிட்டேன்?

வாரா வாரம் நான் எழுதும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் கிறுக்கு தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக — நான் காமிக்ஸ் ஒரிஜினல் சேர்க்கிறவள். காமிக்ஸ் புத்தகம் இல்லை. அந்தப் புத்தகம் அச்சாவதற்கு முன்னால் ஓவியர் கையால் வரைந்தாரே, அந்தத் தாள். கெட்டியான அட்டைத்தாளில், அச்சில் வருவதைப் போல ஒன்றரை மடங்கு அளவில், இந்தியன் இங்க்கில் வரைந்திருப்பார்கள். படம் பிடித்து அச்சடித்த பிறகு அந்தத் தாளுக்கு ஒரு மரியாதையும் கிடையாது. பிரஸ்ஸில் மூலையில் கிடக்கும். கரையான் தின்னும். எடைக்குப் போகும். தப்பிப் பிழைத்தது எங்களைப் போன்ற பைத்தியங்களின் பீரோவுக்கு வரும்.

அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கை இருக்கிறது. பென்சிலில் போட்டு அழித்த மூக்கு இருக்கிறது. தப்பாகப் போன கோட்டின்மேல் வெள்ளை பூசி, அதன்மேல் மறுபடி போட்ட கோடு இருக்கிறது. குன்னூர் பக்கத்தில் வெலிங்டனில் ஓர் அலுவலகத்தின் டிராயிங் செக்‌ஷனில் முப்பத்துநான்கு வருஷம் டிரேசராக இருந்தேன். அடுத்தவர் போட்ட கோட்டின்மேல் தாளை வைத்துப் பிசகாமல் இழுப்பதுதான் வேலை. சொந்தமாக ஒரு கோடு போட்டதில்லை. அதனால்தானோ என்னவோ, தப்பும் தவறுமாக ஒருவர் சொந்தக் கோடு போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு ஆசை வந்துவிடும்.

கல்யாணம் காட்சி என்று எதுவும் அமையவில்லை. அம்மா இருந்தவரை அம்மாவும் நானும். அம்மா போன பிறகு குன்னூர் வீட்டில் நான், ஒரு ஸ்டீல் பீரோ, பீரோவுக்குள் இரவும் பகலும் எரிகிற ஒரு பல்பு. மலையில் தாள் சேர்க்கிறவர்களுக்கு அந்தப் பல்பு முக்கியம். கொஞ்சம் குளிர்ந்தால் போதும், ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். செருப்புக்கடையில் போய், டப்பாவுக்குள் போடுகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைக் கேட்டு வாங்கி வருவேன். "செருப்பு வேண்டாமுங்களா?" என்று கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

சரி, பதினேழுக்கு வருகிறேன்.

அது ஒரு பழைய துப்பறியும் கதை. மொத்தம் இருபத்துநான்கு பக்கம். ஓவியர் பெயர்கூட அச்சில் வரவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் ஒரு பழைய பேப்பர்க்காரரிடம் வாங்கிய தாள் கட்டுக்குள், அதன் பதினேழாம் பக்கம் மட்டும் எனக்குக் கிடைத்தது.

அந்தக் காலத்தில் வசனத்தைத் தனித் துண்டுத்தாளில் எழுதி, படத்தின்மேல் ஒட்டுவார்கள். வருஷக்கணக்கில் பசை காய்ந்து துண்டுகள் உதிர்ந்துவிடும். துண்டு இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு கறை மட்டும் நிற்கும். அநேகமாக எல்லா ஒரிஜினலிலும் அந்தக் கறை உண்டு. ஆனால் இந்தப் பதினேழில் ஒரு கறைகூட இல்லை. ஏனென்றால் அதில் வசனமே கிடையாது. ஒன்பது கட்டம். ரயில்வே பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்ச். பெஞ்ச்சில் ஒரு பெண். ஒன்பது கட்டத்திலும் அவள்தான். விளக்குக் கம்பத்தின் நிழல் மட்டும் கட்டத்துக்குக் கட்டம் கொஞ்சம் நகர்கிறது. கடைசிக் கட்டத்தில் எழுந்து நிற்கிறாள். அவ்வளவுதான்.

தாளைத் திருப்பினால் பின்பக்கம் நீலப் பென்சிலில், யாரோ ஆசிரியர் கோபமாகக் கிறுக்கியிருக்கிறார்: "வசனம் எங்கே?" அதன் கீழே கறுப்பு இங்க்கில், பொடி எழுத்தில் ஓவியரின் பதில்: "அவள் யாரிடம் பேசுவாள்?"

அம்மா போன வருஷம் அது. அந்தத் தாளை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. எங்கள் ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். தங்கவேல். கட்டபெட்டு பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். நானும் நீலகிரி என்று தெரிந்ததும் போன் செய்தார்.

"மேடம், அந்தக் கதைல இருவத்திமூணு பக்கம் எங்கிட்ட இருக்குதுங்க. பதினேழு மட்டுந்தான் இல்ல. உங்களுக்குத் தெரிஞ்சு யாருகிட்டயாவது இருக்குதுங்களா?"

பதினேழு என் எதிரே மேஜைமேல் கிடந்தது.

"தெரியலீங்களே" என்றேன்.

ஒரு வார்த்தை. வாயிலிருந்து வந்துவிட்டது. அப்புறம் அதை எப்படித் திரும்ப எடுப்பது? அடுத்த வாரம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த மாதம் சொல்லியிருந்தால் அசிங்கம். அடுத்த வருஷம் சொல்லியிருந்தால் அதைவிட அசிங்கம்...

இதற்கு நடுவே எங்களுக்குப் பேச்சு நன்றாக ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நான் கூப்பிடுவேன். ஒரு மணி நேரம் ஓடிவிடும். இந்த ஓவியர் எந்த நிப் வைத்து வரைந்திருப்பார், அந்த மழைக்கோடுகளுக்கு ஸ்கேல் வைத்தாரா வெறும் கையா — இதுதான் பேச்சு. பாவம் மனிதர், தேயிலைக்காட்டுக்கு நடுவே இதையெல்லாம் யாரிடம் பேசுவார், நாமாவது துணையாக இருப்போம் என்று எனக்கு ஒரு பெரிய மனுஷி நினைப்பு வேறு.

ஆனால் ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட நாங்கள் நேரில் பார்த்ததில்லை. குன்னூரிலிருந்து கட்டபெட்டுக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அவர் எத்தனையோ தடவை கூப்பிட்டார். எனக்கு ஒரு தடவை மழை. ஒரு தடவை ரோட்டில் மண் சரிவு. ஒரு தடவை முட்டிவலி. முட்டி நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனால், காபிக்கு முன்னால் பீரோவைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு கவராக எடுத்து, எல்லாவற்றையும் காட்ட வேண்டும். ஒன்றை ஒளித்தாலும் அது பெரிய அவமரியாதை. நான் அவர் வீட்டுக்குப் போனால் அவர் என் வீட்டுக்கு வருவார். வந்தால் பீரோவைத் திறக்க வேண்டும். அவர் மட்டுமா? குரூப்பில் வேறு யார் வந்து பார்த்தாலும் மறுநாளே அவர் காதுக்குப் போய்விடும். அதனால் யாரையும் வரச் சொல்லவில்லை. பிறகு அது பழகிவிட்டது. பழைய ஆபீஸ் சிநேகிதிகள், சித்தி பெண், யார் வருகிறேன் என்றாலும் ஏதாவது ஒரு சாக்கு தானாக வாயில் வரும். ஒரு தாளை ஒளிக்கப் போய் வீட்டையே ஒளித்து வைத்துவிட்டேன். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரைத் தவிர வருஷக்கணக்கில் ஒருவரும் உள்ளே வந்ததில்லை.

நான்கு ஞாயிறுக்கு முன்னால் தங்கவேல் சாதாரணமாகச் சொன்னார்:

"வலது கண்ணு முழுசாப் போச்சுங்க மேடம். எடது கண்ணும் ஓரத்துலருந்து சுருங்கீட்டே வருது. டாக்டரு கைய விரிச்சுட்டாரு. அதுக்குள்ள ஒரே ஒருக்கா அந்தக் கதைய ஹால்ல வரிசையாப் பரப்பி வெச்சுப் பாத்துரலாம்னு இருக்கறனுங்க."

நான் பீரோப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"பதினேழு இல்லாட்டி என்னங்க, அந்த எடத்தக் காலியா உட்டுக்கறேன்" என்றார்.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிறும் பேசினேன், சொல்லவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் சொல்லவில்லை. என் பயம் ஒன்றே ஒன்றுதான். தாள் போவது பற்றிய பயம் எப்போதோ தீர்ந்துவிட்டது. சொன்னால் அவர் என்னோடு பேசமாட்டார். அந்த நாலு மணி போய்விட்டால் வாரத்தில் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

கடைசியில் போன செவ்வாய்க்கிழமை, தாளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன் என்று நினைத்து என்னைப் பாராட்டிவிடாதீர்கள். பஸ்ஸில் உட்கார்ந்து புதிதாக ஒரு பொய் தயார் செய்துகொண்டிருந்தேன். 'போன வாரம்தான் கோயமுத்தூரில் ஒருத்தரிடம் கிடைத்தது, உடனே உங்கள் ஞாபகம் வந்தது.' இரண்டு தடவை மனதுக்குள் சொல்லியும் பார்த்துவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் பொய்யோடு போய் நின்றபோதுதான் தங்கவேலின் மனைவி சரோஜா அம்மா கதவைத் திறந்து, பதினேழாம் பக்கத்தம்மா என்றார்.

அப்போதும் எனக்கு ஒரு நப்பாசை. போனில் அந்தப் பக்கத்தைப் பற்றி அடிக்கடி பேசுவோமே, அதை வைத்துச் சொல்லியிருப்பார். தெரிந்திருக்காது. எப்படித் தெரியும்?

உள்ளே போனேன். ஹாலில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தரையில் பெட்ஷீட் விரித்து, நான்கு வரிசையாகத் தாள்களைப் பரப்பியிருந்தார்கள். பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் சரியாக ஒரு தாள் அளவுக்கு இடம் காலி.

"பாத்து வாங்க. அந்தச் சந்துல கால வெச்சுத்தானுங்க நான் சமையக்கட்டுக்குப் போயிட்டு வந்துட்டு இருக்கறேன்" என்றார் சரோஜா அம்மா.

ஜன்னலோரம் முக்காலியில், கையில் லென்ஸோடு ஒரு ஒல்லியான மனிதர். என் குரல் கேட்டதும் தலையைத் திருப்பித் திருப்பி என்னைத் தேடினார்.

"மேடமுங்களா? வந்துட்டீங்களா? இந்தக் குளுர்ல எதுக்குங்க பஸ்ஸுல..."

குரலில் அத்தனை சந்தோஷம். நான் பையைத் திறந்து அட்டையைப் பிரித்தேன். உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். ஆனாலும் வாய் இருக்கிறதே வாய்... தயாராக இருந்ததைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டது.

"போன வாரம்தான் கோயமுத்தூர்ல ஒருத்தர்கிட்ட கிடைச்சுதுங்க. பதினேழு. உடனே உங்க ஞாபகம் வந்துச்சு."

தங்கவேல் லென்ஸை மடியில் வைத்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"அப்படீங்களா மேடம்? ரொம்ப சந்தோசமுங்க. பெரிய அதிர்ஷ்டமுங்க."

அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என் பொய்க்கு ஒத்து ஊதுகிறார். நான் தலைகுனியக் கூடாது என்று, தெரியாதவர் மாதிரி நடிக்கிறார்.

சமையலறையிலிருந்து சரோஜா அம்மாவின் குரல் வந்தது. "ஏனுங்க, ஆறு வருசமாத் தெரிஞ்சத இன்னைக்குத்தான் புதுசாட்டக் கேக்கறீங்களாக்கும்?"

நான் அந்தச் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன்.

"பொய்ங்க" என்றேன். "ஒன்பது வருஷமா எங்கிட்டத்தான் இருக்கு. நீங்க முதல் தடவை கேட்டப்பவே இருந்துச்சு."

"தெரியுமுங்க" என்றார் தங்கவேல், ரொம்ப மெதுவாக.

"எப்படி?"

"நீங்களே எழுதுனீங்களேங்க. உங்க பத்தியில."

எழுதியிருக்கிறேன். ஒரிஜினல் தாள்களின் பின்பக்கம் என்னவெல்லாம் எழுதியிருக்கும் என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரம் எழுத விஷயம் இல்லாமல் எழுதினேன். ஒரு பெண், ஒரு பெஞ்ச், நீலப் பென்சில், "வசனம் எங்கே?"... எல்லாம் எழுதினேன். கதை பெயரைச் சொல்லவில்லை, பக்க எண்ணைச் சொல்லவில்லை, அதனால் நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். அச்சான புத்தகத்தைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிற ஒரு மனிதருக்கு, வசனமில்லாத ஒரே பக்கம் எது என்று தெரியாதா? திருட்டு முழியை ஒளித்துக்கொண்டு, வாக்குமூலத்தை அச்சில் போட்டிருக்கிறேன்.

"ஏங்க கேக்கலை?" என்றேன்.

அவர் மனைவி வந்து நின்ற பக்கம் திரும்பினார். பதில் அந்த அம்மாவிடமிருந்து வந்தது.

"நாந்தானுங்க வேண்டாம்னேன். இவரு அன்னைக்கே போன எடுத்துட்டாரு, கேட்டர்றேன்னு. கேட்டா அந்தம்மா வெக்கப்பட்டுட்டுப் போன் பண்றதையே நிறுத்திருவாங்கன்னேன். ஒண்டியா இருக்கறவங்க. பேசறதுக்கு அவங்களுக்கு வேற யாரு இருக்கறாங்க? ஒரு பேப்பருதான, போனாப் போகுது."

அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஞாயித்துக்கெழம எங்கியாவது விசேசத்துக்குப் போனாலும் மூணு மணிக்கே கெளம்பிருவாருங்க. நாலு மணிக்கு மேடம் கூப்புடுவாங்கன்னு. எங்க கொழுந்தனார் ஊட்டுக் கல்யாணத்துல பந்தியில உக்காராமயே வந்தோமுங்க."

எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. வெட்கம்தான், ஆனால் பொய் பிடிபட்ட வெட்கம் அதில் பாதிகூட இல்லை. ஒன்பது வருஷமாக நான் அவருக்குத் துணை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் தங்கள் ஞாயிற்றுக்கிழமையை எனக்காக ஒதுக்கி வைத்துவிட்டு, நான் தனியாக இருக்கிறேனே என்று கவலைப்பட்டிருக்கிறார்கள். நான் தனியாக இருப்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அழுகை வந்தது. அழுதேன். சரோஜா அம்மா போர்த்தியிருந்த டவலை எடுத்துக் கொடுத்தார்.

பிறகு எழுந்து போய், அந்தக் காலி இடத்தில் பதினேழை வைத்தேன். தங்கவேல் முக்காலியை விட்டுத் தரைக்கு இறங்கி, லென்ஸை வைத்துக் குனிந்தார். அவருக்கு ஒரு நேரத்தில் ஒரு கட்டம்தான் தெரிகிறது. முதல் கட்டம். நகர்ந்து இரண்டாவது. நகர்ந்து மூன்றாவது. நாம் அவசரத்தில் ஒரே பார்வையில் பார்த்துத் தள்ளிவிடுகிற பக்கத்தை, அவர் அந்தப் பெண்ணோடு கூடவே உட்கார்ந்து, நிழல் நகர்கிறவரை இருந்து பார்த்தார். டீ ஆறிப்போனது.

ஒன்பதாவது கட்டம் முடிந்ததும், "பின்னாடி படிங்க மேடம்" என்றார்.

திருப்பினேன். "வசனம் எங்கே" என்று நீலப் பென்சிலைப் படித்தேன். அடுத்த வரி எனக்கு வாயில் வரவில்லை.

"அதுக்கு அவரு என்னன்னு எழுதியிருக்கறாரு?" என்று சரோஜா அம்மா கேட்டார்.

தங்கவேலே சொன்னார். என் பத்தியில் படித்தது, அவருக்கு மனப்பாடமாக இருந்தது.

கிளம்பும்போது தாளை அங்கேயே விட்டுவிட்டேன். அவரும் வேண்டாம் என்று சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. "கண்ணு இருக்கற மட்டும் பாத்துக்கறனுங்க" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

பஸ் ஸ்டாப் வரை சரோஜா அம்மா கூட வந்தார். "அடுத்த வாரம் வியாழக்கெழம கண்ணு டாக்டரப் பாக்கக் குன்னூர் வர்றோமுங்க. அப்படியே உங்க ஊட்டுக்கும் வந்துட்டுப் போலாமுங்களா?"

"அன்னைக்கு மழையா இருக்குமேங்க..." என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்தது. சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

"மழைன்னாக் கொடையப் புடிச்சுட்டு வர்றோம்" என்றார் அந்த அம்மா, சாதாரணமாக.

வருகிறார்கள். நாளைக்கு. காலையிலிருந்து நாற்காலிகளின் மேலே இருக்கிற பேப்பர் கட்டுகளை இறக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் நாற்காலி நான்கு என்பதே மறந்துபோயிருக்கிறது.

அப்புறம் ஒரு விஷயம். குன்னூர் வந்தால் வீட்டுக்கு வந்து பார்க்கலாமா என்று கேட்டு எழுதிய வாசகர்களுக்கெல்லாம், 'அந்த வாரம் ஊரில் இல்லை' என்று பதில் போட்டிருந்தேன்.

ஊரில்தான் இருந்தேன்.